தெருக்கள் மூடிய வரலாறு

தெரு மக்களின் பொதுச் சொத்து. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இயற்கை வகுத்த விதியன்று. அதிகாரமும் பணமும் கொண்டோர் செய்யும் தீர்மானமே என்பதை ஐக்கிய அமெரிக்க நகரங்களின் வளர்ச்சியில் நாம் தெளிவாகக் காணலாம்.

1811ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் மன்ஹற்றன் தீவுக்கு வகுக்கப்பட்ட திட்டத்தில் நெடுக்கே 12 பெருவீதிகளும் குறுக்கே 155 தெருக்களும் சதுரங்கப் பலகைபோற் கோடிடப்பட்டன. நிலத்தைத் துண்டாக்கி விற்பதற்கு அது வசதியாயிருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், சந்திக்குச் சந்தி வழி பிரிந்த அத்தெருக்களில் உழைப்பாளி எத்திசையிலும் நேரே நடந்து செல்ல முடிந்தது.

பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகின. 1929இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் எழுந்த றட்பேர்ண் குடியிருப்பில், கிளறன்ஸ் ஸ்ரைனும் ஹென்றி றைற்றும் வாகனங்களுக்கு மறுபுறம் வழியற்ற ஒழுங்கைகளை அமைத்தனர். நடப்போருக்குப் பூங்காவினூடே தனிப் பாதைகளை வகுத்தனர். குழந்தைகளின் பாதுகாப்பே அவர்களது நோக்கம். பின்வந்த வீட்டு வியாபாரிகளோ ஒழுங்கையை எடுத்துக்கொண்டு நடைபாதையைக் கைவிட்டனர்.

1934இல் தோன்றிய கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. 1936இலேயே அது சதுரக் கட்டத் தெருக்களைக் குறைகூறி, வளைந்த தெருக்களையும் முட்டொழுங்கைகளையும் பரிந்துரைத்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கோ அக்காப்புறுதியைப் பெரும்பாலும் மறுத்தது. 1947இல் நியூயோர்க்கின் புறத்தே தொடங்கிய லெவிற்றவுணில், வெள்ளையரல்லாதார் குடியிருப்பதை ஆரம்ப ஒப்பந்தங்களே தடைசெய்தன.

1968ஆம் ஆண்டுச் சட்டம் வீடமைப்பில் இன ஒதுக்கலைத் தடைசெய்தது. ஆனால் தெருக்கள் அமைந்தபடியே நின்றன. வீடு இடிபடலாம், கடை கைமாறலாம், ஒருமுறை அமைத்த தெருவோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும். கூப்பிடு தூரத்துக் கடைக்கும் காரில்லாதவர் ஊரைச் சுற்றி நடக்கவேண்டியிருக்கிறது. முட்டொழுங்கைக்குள் பஸ் வருவதில்லை.

அந்நாட்டின் தெருவலையை அளந்த ஆய்வாளர்கள், புதிய தெருக்களின் தொடர்பின்மை 1994ஆம் ஆண்டளவில் உச்சத்தை அடைந்து, பின்னர் தணிந்ததாகக் கண்டனர். எனவே இது நகர வளர்ச்சியின் தவிர்க்கவியலாத விளைவன்று. மனிதர் மூடிய வழியை மனிதரே திறக்கலாம். புதிய தெருவொன்று வரைபடத்தில் இருக்கும்போதே, அது யாரை யாரோடு இணைக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.