யார் இந்த லெஃப்டி வில்பரி?

1988 அக்டோபரில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு புது இசைத்தட்டு வந்தது. பாடியவர்கள் யார் என்று பார்த்தால் நெல்சன், ஓடிஸ், லக்கி, லெஃப்டி, சார்லி டி. ஜூனியர். ஐந்து பேருக்கும் குடும்பப் பெயர் வில்பரி. ஒரே அப்பாவுக்குப் பிறந்த சகோதரர்களாம். அட்டைப் படத்தில் நின்றவர்களோ ஜார்ஜ் ஹாரிசன், ஜெஃப் லின், பாப் டிலன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி. ராக் இசையை அரைகுறையாகக் கேட்டவருக்கும் தெரிந்த முகங்கள். அப்புறம் எதற்கு இந்த வேஷம்?

புனைபெயர் என்றதும் நமக்கு எழுத்தாளர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வாத்தியக்காரர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அவர்களுக்கு அது பெரும்பாலும் வக்கீல் பயத்தில் வந்தது. ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால் உங்கள் பெயர் அந்தக் கம்பெனியின் சொத்து. வேறு கம்பெனியின் நண்பர்களோடு நான்கு நாள் சேர்ந்து வாசிக்க ஆசையா? பெயரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த விளையாட்டு ராக்குக்கு முன்பே ஜாஸில் தொடங்கிவிட்டது. 1925 நவம்பரில் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் 'ஹாட் ஃபைவ்' என்ற குழுவோடு ஓகே கம்பெனிக்காகப் பதிவு செய்ய ஆரம்பித்தார். ராத்திரி வேறு குழுக்களில் வாசித்துச் சம்பாதித்தவருக்கு இது பக்கத் தொழில். ஹாட் ஃபைவ் மேடை ஏறியதே அபூர்வம். அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஐந்து பேர் போட்டிக் கம்பெனியான வோகாலியனுக்குப் போய் 'லில்'ஸ் ஹாட் ஷாட்ஸ்' என்ற பெயரில் வாசித்துவிட்டு வந்தார்கள். லில் என்பவர் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி, குழுவில் பியானோ வாசித்தவர். ஓகே அதிகாரி அந்தத் தட்டைப் போட்டுக் காட்டி, "பாடுவது யார்?" என்று கேட்டதாகவும், "தெரியாது, ஆனால் இனிமேல் செய்ய மாட்டேன்" என்று ஆம்ஸ்ட்ராங் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, பெயரை மாற்றலாம், அந்தக் கரகரத் தொண்டையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

1953 மே 15, கனடாவின் டொரான்டோ. மாஸி ஹால் மேடையில் சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச். ஒவ்வொருவரும் தனித்தனியே அரங்கை நிரப்பக்கூடியவர்கள். அன்று ஐவரும் சேர்ந்தே நிரப்ப முடியவில்லை, ஏனென்றால் அதே ராத்திரி சிகாகோவில் மார்சியானோவுக்கும் வால்காட்டுக்கும் குத்துச்சண்டை. இடைவேளையில் கில்லெஸ்பியே டிவியில் சண்டை பார்க்க ஓடினார் என்பார்கள். சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துபோனது. பார்க்கர் கையில் அன்று இருந்தது ஒரு பிளாஸ்டிக் சாக்ஸபோன். கச்சேரி பின்னர் இசைத்தட்டாக வந்தபோது ஒப்பந்தச் சிக்கலால் பார்க்கர் என்ற பெயரைப் போட முடியவில்லை. 'சார்லி சான்' என்று அச்சடித்தார்கள். சான் அவர் மனைவியின் பெயர்; அப்போது பிரபலமாக இருந்த சினிமாத் துப்பறிவாளனின் பெயரும் அதுதான்.

அங்கிருந்து லண்டன். 1968இல் 'கிரீம்' குழு கலையும் தறுவாயில் எரிக் கிளாப்டனும் பீட்டில்ஸ் ஹாரிசனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார்கள். பாட்டின் நடுவே வரும் திருப்பத்தை இசைக்காரர்கள் 'பிரிட்ஜ்' என்பார்கள். ஹாரிசன் தாளில் அப்படிக் குறித்ததைக் கிளாப்டன் தலைகீழாகப் பார்த்து 'பேட்ஜ்' என்று படித்தார். பாட்டுக்கு அதுவே பெயராகிவிட்டது. ஹாரிசன் வேறு கம்பெனியின் ஆள் என்பதால் தட்டில் அவர் பெயர் 'லாஞ்சலோ மிஸ்டீரியோஸோ' என்று வந்தது. இத்தாலிய மொழியில் மர்ம தேவதை.

பெயரை மறைக்காதவர்கள் என்ன ஆனார்கள்? 1969இல் கிளாப்டன், ஜிஞ்சர் பேக்கர், ஸ்டீவ் வின்வுட், ரிக் கிரெச் நால்வரும் 'பிளைண்ட் ஃபெய்த்' என்று கூடினார்கள். ஜூன் 7 அன்று ஹைட் பார்க்கில் முதல் கச்சேரிக்கே லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கு. ஒரே ஒரு ஆல்பம், அது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். ஆகஸ்ட் முடிவதற்குள் குழு இல்லை. ஒத்திகைக்கே நேரம் தராத புகழ் அது. சூடுகண்ட கிளாப்டன் அடுத்த வருடம் 'டெரெக்' ஆகி, 'டெரெக் அண்ட் த டாமினோஸ்' குழுவுக்குள் ஒளிந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவி நிஜாமியின் லைலா, பாட்டாகி மயாமியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தது அப்போதுதான். ஒளிந்தது கொஞ்சம் அதிகமாகிவிட்டது, தட்டு விற்கவில்லை. கடைசியில் கம்பெனியே 'டெரெக்தான் எரிக்' என்று அச்சடித்து விநியோகித்தது. எதில் தெரியுமா? பேட்ஜில்.

இதற்குள் நையாண்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள். 1969 அக்டோபரில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் கிரீல் மார்கஸ் ஒரு பொய்ப் பெயரில் மதிப்புரை எழுதினார். டிலன், லெனன், மெக்கார்ட்னி, மிக் ஜாகர் நால்வரும் கனடாவில் ரகசியமாகக் கூடி 'மாஸ்க்ட் மராடர்ஸ்', அதாவது முகமூடிக் கொள்ளையர், என்ற பெயரில் பாடியிருக்கிறார்கள் என்று. அப்படி ஒரு தட்டே கிடையாது. வாசகர்கள் கடை கடையாகத் தேடினார்கள். உடனே பெர்க்லியில் ஒரு சின்னக் குழுவைப் பிடித்து, எல்லார் குரலையும் காப்பியடிக்கச் சொல்லிப் பொய்யை நிஜமாக்கினார்கள். அந்தத் தட்டை வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ்.

பத்தொன்பது ஆண்டு கழித்து நிஜ டிலனும் ஒரு நிஜ பீட்டிலும் சேர்ந்த தட்டை விற்றதும் அதே வார்னர்தான்! அதுவும் எதேச்சையாக நடந்தது. ஹாரிசனின் 'திஸ் இஸ் லவ்' என்ற தட்டின் மறுபக்கத்துக்கு ஒரு பாட்டு குறைந்தது. ஜெஃப் லின்னைக் கேட்டார். லின் அப்போது ஆர்பிசனுக்கு ஆல்பம் தயாரித்துக்கொண்டிருந்ததால் அவரும் வந்தார். ஹாரிசனின் கிடார் டாம் பெட்டி வீட்டில் கிடந்தது. எடுக்கப் போன இடத்தில் பெட்டியும் சேர்ந்துகொண்டார். சும்மா இருந்த ஒலிப்பதிவுக் கூடம் மாலிபுவில் டிலன் வீட்டில்தான் இருந்தது. அங்கே கிடந்த ஒரு அட்டைப்பெட்டியில் 'கவனமாகக் கையாளவும்' என்று ஒட்டியிருந்தது. பாட்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது: 'ஹேண்டில் வித் கேர்'.

இதை மறுபக்கத்தில் போட்டு வீணாக்காதீர்கள் என்றது கம்பெனி. டிலன் ஊர்ஊராகக் கச்சேரிக்குக் கிளம்புவதற்குள் பத்தே நாளில், இசைக்கார நண்பர் டேவ் ஸ்டூவர்ட் வீட்டுச் சமையலறையில் வட்டமாக உட்கார்ந்து மிச்சப் பாட்டுகளை வாசித்து முடித்தார்கள். 'ராட்டில்ட்' பாட்டில் கலகலவென்று கேட்பது, டிரம்ஸ்காரர் ஜிம் கெல்ட்னர் அந்த வீட்டு ஃபிரிட்ஜின் கம்பித் தட்டுகளைக் குச்சியால் தட்டிய சத்தம். வில்பரி என்ற பெயரும் இப்படி விளையாட்டாகத்தான் வந்தது. பதிவில் பிசிறு விழுந்தால், மிக்ஸிங்கில் அதைப் 'புதைத்துவிடுவோம்' என்று ஹாரிசனும் லின்னும் ஆங்கிலத்தில் சொல்வது வழக்கம்; 'வீ'ல் பரி' என்பது வில்பரியாகத் திரிந்தது.

இவர்களுக்கு வக்கீல் பயம் இல்லை. ஐந்து பெரிய பெயர்களில் எதை முதலில் போடுவது என்ற சண்டையைத்தான் இந்த வேஷம் தவிர்த்தது. நான் கேட்டவரை, ஐந்து பிரபலங்கள் ஒருவரையொருவர் முந்தப் பார்க்காத தட்டு இது ஒன்றுதான்.

ஹாரிசன் அடுத்த தட்டுக்கு ஸ்பைக் வில்பரி ஆனார். 1990இல் வந்த அந்த இரண்டாவது தட்டுக்கு 'தொகுதி 3' என்று பெயர். தொகுதி 2 கிடையவே கிடையாது. அதில் நால்வர்தான். முதல் தட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1988 டிசம்பர் 6 அன்று, 52 வயதில், ராய் ஆர்பிசன் மாரடைப்பில் இறந்துபோனார். 'ஹேண்டில் வித் கேர்' கிடைத்தால் கேளுங்கள். நடுவில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட, ஒரு குரல் தனியாக மேலே ஏறும். அவர்தான் லெஃப்டி.