கிணற்று நீரும் நட்டஈடும்

தீங்கு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்பது பழைய நியாயம். ஆனால் யாருக்கு நேர்ந்ததைச் சட்டம் தீங்கென்று கொண்டது? யார் கையில் ஈட்டைக் கொடுத்தது? இவ்விரு வினாக்களையும் எழுப்பினாலன்றித் தீங்கியல் சட்டத்தின் வரலாறு நமக்கு விளங்காது.

இலங்கையின் தீங்கியல் சட்டத்துக்கு வேர் உரோமாபுரியில் இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் அக்குயிலியச் சட்டத்தின் முதற் பிரிவு, பிறனுடைய அடிமையையோ மேய்ச்சற் கால்நடையையோ முறைகேடாகக் கொன்றவன், முந்திய ஓராண்டில் அதற்கிருந்த உச்ச விலையைக் கொடுக்க வேண்டுமென விதித்தது. மாண்டவன் அடிமை, ஈடு பெற்றவன் ஆண்டான். மனித உயிரும் மாட்டின் உயிரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

இச்சட்ட மரபை நமது கரைக்குக் கொணர்ந்தவர் ஒல்லாந்தர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், இங்குள்ள வழக்கங்களை 1707 அளவில் தேசவழமையாகத் தொகுத்தனர். சீதனமும் முதுசமும் அடைமானமும் பேசிய அந்நூல் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளெனப் பேசவும் தயங்கவில்லை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுவளித்தனர். அடிமை முறையை முற்றாக ஒழிக்கும் சட்டம் 1844இலேயே வந்தது. தேசவழமை தொடாத தீங்கியல் போன்ற துறைகளில் உரோமன் ஒல்லாந்தச் சட்டமே நின்றது. ஆங்கிலச் சட்டமும் பின்னர் அதிற் கலந்தது.

அச்சட்டத்தின் அடிப்படைகள் எளியவை. வேண்டுமென்றே செய்யும் தீங்கு ஒருவகை. ஒருவனை அடிப்பதும், சபையில் இழிவுபடுத்துவதும், பழிதூற்றுவதும் இதிலடங்கும். இங்கே பண நட்டம் இல்லாவிடினும் மானத்துக்கு நேர்ந்த காயமே வழக்குத் தொடுக்கப் போதுமானது. கவனயீனம் மற்றொரு வகை. நிதானமுள்ள ஒருவன் முன்கூட்டியே உணர்ந்து தவிர்த்திருக்கக்கூடிய தீங்கைத் தவிர்க்கத் தவறி, அதனாற் பிறனுக்கு நட்டம் விளைந்தால், தவறியவன் பொறுப்பாளியாவான். 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, போத்தலிற் கிடந்த நத்தையால் நோயுற்றதாக ஒரு பெண் தொடுத்த வழக்கில், பானத்தைத் தயாரித்தவன் அதைப் பருகுபவர்பாலும் கவனமாயிருக்கக் கடமைப்பட்டவன் என்றது. இருவருக்குமிடையே ஒப்பந்தம் இல்லையென்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

ஏட்டில் இத்தனை இருந்தும், பொதுக் கிணற்றில் நீரள்ள விடாமல் விரட்டப்பட்ட நம் ஊர் உழைப்பாளியின் மானம் என்னவாயிற்று? வேண்டுமென்றே செய்த இழிவுக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ? ஆயினும் தனக்குக் கூலி கொடுக்கும் நிலக்காரனை எதிர்த்து அவன் நீதிமன்றப் படியேறுவது எங்ஙனம்? 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதியின் பேராற் செய்யும் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கியது. அச்சட்டம் வந்த பின்னரும் மக்கள் போராடியே கிணறுகளையும் கோவில்களையும் தேநீர்க் கடைகளையும் திறக்க வேண்டியிருந்தது.

அதே கிணறு மற்றொரு வழக்குக்கும் களமாயிற்று. வற்றாத ஆறில்லாத நம் குடாநாடு சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரால் வாழ்கிறது. அப்பாறையின் வெடிப்புகளூடே ஓரிடத்திற் சிந்தும் நஞ்சு பல ஊர்க் கிணறுகளுக்கும் பரவும். சுன்னாகம் மின்நிலையச் சூழலிற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததால், மக்கள் பவுசரில் வரும் நீருக்குக் குடத்தோடு காத்து நின்றனர். 2015இல் உயர் நீதிமன்றத்திற் பொதுநல நோக்கில் அடிப்படை உரிமை மனுவொன்று தாக்கலாயிற்று. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்னும் கோட்பாட்டைப் பற்றி நின்று, நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனப் பணித்தது.

இதன் பொருளை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். கமக்காரன் ஒருவன் தனித்துச் சிவில் வழக்குத் தொடுத்திருந்தால், நிலத்தடியில் எண்ணெய் வந்த வழியையும் நிறுவனத்தின் கவனயீனத்தையும் தன் நட்டத்தையும் தன் செலவிலேயே நிரூபித்திருக்க வேண்டும். இரசாயனப் பரிசோதனைக்கும் நிபுணர் சாட்சியத்துக்கும் அவன் எங்கே போவான்? அவன் தனியே சுமக்க முடியாத சுமையைப் பொதுநல மனு தாங்கியது. எனினும் தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அந்த நான்கு ஆண்டுகளும் தாகம் காத்திருக்கவில்லை.

ஆண்டானின் பைக்குச் சென்ற ஈடு, கிணற்றடியில் நிற்பவரின் கைக்கு வந்து சேர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சட்டம் தானாக நடந்து வந்த தூரமன்று அது; ஒடுக்கப்பட்டோர் அதை இழுத்து வந்த தூரம். தன் கிணற்று நீருக்குச் சட்டத்தில் உரிமையுண்டு என்பதை ஒவ்வொரு மாணவனும் அறியும்படி கற்பிப்பது நமது ஆசிரியர்களின் கடமையாகும்.