இரு சிறுவர்களின் களம்

பெருநாள் காசு, சுன்னத் வைபவத்தில் சிறுவனின் கையில் உறவினர் வைத்துச் செல்லும் பணம், பிறந்த குழந்தைக்குப் போடும் மோதிரம் ஆகியவை நம் வீடுகளில் பெரும்பாலும் அன்றே பொதுச் செலவில் கலந்துவிடுகின்றன. 'பிள்ளைக்கு ஏது தனிக் காசு?' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விடை தேடினால் நாம் ஹிஜ்ரி முதலாம் ஆண்டுக்கே, அதாவது கி.பி. 622க்கே, செல்ல வேண்டியிருக்கிறது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் மண்டியிட்ட இடம், பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் அநாதைச் சிறுவர் இருவருக்கு உரியது. அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் பொறுப்பில் அவர்கள் வளர்ந்தனர். நபியவர்கள் அச்சிறுவர்களையே அழைத்து விலை கேட்டார்கள். அன்பளிப்பாகவே தருவதாகச் சிறுவர்கள் கூறியும் ஏற்காமல், விலைக்கு வாங்கிய பின்னரே பள்ளிவாசலைக் கட்டினார்கள் என்கிறது புகாரி. அல்லாஹ்வின் இல்லத்திற்காகக்கூட அச்சிறுவர்களின் சொத்து இலவசமாகப் பெறப்படவில்லை! பத்து தீனார் விலையை அபூபக்ர் (ரலி) செலுத்தியதாக வரலாற்று அறிவிப்பு ஒன்றும் உண்டு.

அவர்கள் அநாதைகள், தந்தை இருக்கும் பிள்ளையின் நிலை வேறல்லவா என்று கேட்கலாம். மகனும் அவன் செல்வமும் தந்தைக்கே என்னும் கருத்துள்ள நபிமொழி இப்னு மாஜாவில் உள்ளது. ஆனால் அங்கே முறையிட வந்தவர், தாமே ஒரு பிள்ளைக்குத் தந்தையான வளர்ந்த மனிதர். தந்தைக்குத் தேவை நேர்ந்தால் மகனின் பொருளிலிருந்து எடுக்கலாம் என்றே அறிஞருள் பெரும்பாலோர் இதற்குப் பொருள் கொண்டனர். மகனின் செல்வம் முழுவதும் தந்தையுடையதாயின், இறந்த மகனின் சொத்தில் தந்தைக்கு ஆறில் ஒரு பங்கைக் குர்ஆன் (4:11) தனியே வகுத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர்களின் வாதம். நமக்கும் இதுவே வலுவாகத் தோன்றுகிறது. ஹன்பலி அறிஞர்கள் தந்தைக்குக் கூடுதல் இடம் தந்தனர். எனினும் பிள்ளைக்குத் தீங்கு நேரக் கூடாது, ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்து மற்றொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று வரம்பிட்டனர்.

சுன்னத் விருந்தில் வரும் அன்பளிப்புகளை ஹனஃபீ நூல்கள் தனியாகவே ஆராய்ந்துள்ளன. சிறுவனுக்கான உடை, விளையாட்டுப் பொருள் போன்றவை அவனுக்கே உரியவை. பணம் முதலியவற்றைத் தந்தை வழியினர் கொடுத்தால் தந்தைக்கும், தாய் வழியினர் கொடுத்தால் தாய்க்கும் உரியவை எனக் கொண்டனர். கொடுப்பவர் 'இது தந்தைக்கு' அல்லது 'இது தாய்க்கு' என்று வாய்திறந்து சொல்லிவிட்டால் அந்தச் சொல்லே முடிவு. அவர் ஒன்றும் சொல்லாதபோதுதான் வழக்கம் பார்க்கப்படும்.