பண்டசாலையும் வங்கிக் கணக்கும்: யூட்டாவில் தசமபாகத்தின் வரலாறு

விளைச்சலிலும் வருமானத்திலும் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கென்று ஒதுக்கிச் சபைக்குக் கொடுப்பது தசமபாகம் எனப்படும். அது தானியமாகவும் கால்நடையாகவும் கொடுக்கப்பட்ட காலத்திலேயே அதைப் பணமாக்கும் வழியையும் மோசேயின் சட்டம் வகுத்திருந்தது. ஆலயம் வெகுதொலைவில் இருந்தால் பங்கை விற்றுப் பணமாக எடுத்துச் செல்லலாம் என்று உபாகமத்தின் 14ஆம் அதிகாரம் அனுமதிக்கிறது. நிலத்தின் விளைவில் கொடுக்கவேண்டிய பங்கைத் தானே வைத்துக்கொள்ள விரும்புகிறவர் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிச் செலுத்தி மீட்டுக்கொள்ள வேண்டும் என்று லேவியராகமத்தின் 27ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆகவே வங்கிக் கணக்கிலிருந்து இணையவழியே தசமபாகம் செலுத்தும் இன்றைய வழக்கத்தைப் பழைய நெறியின் சிதைவு என்று குறைகூற வேதத்தில் அதிக இடமில்லை. மார்மன் சபை என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைப் பொறுத்தவரை அந்தக் குறைகூறல் இன்னும் வலுவிழக்கிறது. ஏனெனில் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் வங்கிகள் வேரூன்றுவதற்கு முன்பு ஏறத்தாழ வங்கியின் வேலையைச் செய்துவந்தது தசமபாகம் வந்து சேர்ந்த பண்டசாலையே.

ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவிய இச்சபை, ஒஹாயோவின் கர்ட்லாண்டில் குடியேறியிருந்த காலத்தில் கர்ட்லாண்ட் சேஃப்டி சொசைட்டி என்ற பெயரில் தானே ஒரு வங்கியை நடத்திப் பார்த்தது. மாநிலத்தின் உரிமம் கிடைக்காமலேயே நோட்டுகளை வெளியிட்ட அந்நிறுவனம் 1837ஆம் ஆண்டு அமெரிக்கா முழுவதையும் உலுக்கிய நிதி நெருக்கடியில் மூழ்கியது. அதனால் உறுப்பினர் பலர் சபையை விட்டு விலகியதோடு, ஸ்மித்தும் மிசௌரிக்குப் பெயர நேர்ந்தது. அங்கு ஃபார் வெஸ்ட் என்ற குடியிருப்பில் 1838 ஜூலை 8ஆம் நாள் அவர் அறிவித்த வெளிப்பாடே இன்றுவரை அச்சபையின் தசமபாகச் சட்டமாக விளங்குகிறது. உறுப்பினர்கள் முதலில் தங்கள் உபரிச் சொத்தை ஒப்படைக்க வேண்டும், அதன்பின் ஆண்டுதோறும் தங்கள் ஆதாயத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எது உபரி என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்க வேண்டியிருந்ததால் விளைந்த சங்கடத்தைப் ஸ்மித்துக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகாம் யங் பிற்காலத்தில் ஓர் உரையில் எள்ளலோடு நினைவுகூர்ந்தார்: உபரி என்று சொல்லி ஓட்டிவரப்பட்ட பசு பெரும்பாலும் உதைக்கிற பசுவாகவே இருந்ததாம்.

ஸ்மித் 1844இல் கொல்லப்பட்ட பின், யங்கின் தலைமையில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட மார்மன்கள் 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தபோது, அந்நிலம் இன்னும் மெக்சிகோவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மிக அருகிலிருந்த பெரிய சந்தைகள்கூட மலைகளுக்கும் பாலைவெளிக்கும் அப்பால் இருந்தன. நிலத்தைத் திருத்தி நீர் பாய்ச்சி விளைவிக்க ஆள் இருந்தார்கள், கொடுத்து வாங்கப் பணம் இல்லை. கலிபோர்னியாவிலிருந்து வந்த பொன்துகளை உருக்கிச் சொந்தமாக நாணயம் அடித்துப் பார்த்தார்கள். அதுவும் போதாமல், கர்ட்லாண்டில் மதிப்பிழந்த அதே வங்கியின் பழைய நோட்டுகளில் புதிதாகக் கையொப்பமிட்டு 1849இல் சிறிது காலம் புழக்கத்தில் விட்டார்கள். இத்தகைய தற்காலிக ஏற்பாடுகள் எவையும் நிலைக்கவில்லை. நிலைத்தது பண்டசாலை.

சால்ட் லேக் நகரின் ஆலய வளாகத்துக்குக் கிழக்கே அடுத்த மனையில் தலைமைப் பண்டசாலை எழுந்தது. குடியேற்றங்கள் வடக்கும் தெற்குமாகப் பரவப் பரவ, ஊர்தோறும் அந்தந்த ஆயரின் பொறுப்பில் கிளைப் பண்டசாலைகள் தோன்றின. இச்சபையில் ஆயர் என்பவர் சம்பளம் பெறும் குருவானவர் அல்லர். உழவையோ கடையையோ பார்த்துக்கொண்டே ஊர்ச்சபையை நடத்தும் சாதாரண உறுப்பினரே அப்பதவிக்கு அமர்த்தப்படுவார். கோதுமை, வைக்கோல், உருளைக்கிழங்கு, வெண்ணெய், முட்டை, கோழி, ஆடு, மாடு என்று எதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலும் அவர் அதை நிறுத்தும் எண்ணியும் வாங்கி, தலைமைப் பண்டசாலை அனுப்பிய விலைப்பட்டியலின்படி மதிப்பிட்டு, கொடுத்தவர் பெயரில் பேரேட்டில் வரவு வைத்தார். சீக்கிரம் கெடக்கூடியவை உள்ளூரிலேயே ஏழைகளுக்கும் சபைப் பணியாளர்களுக்கும் பயன்பட்டன. தானியமும் கால்நடையும் தலைநகருக்குப் போயின. நாணயம் அரிதாக இருந்த நாட்டில் அந்த விலைப்பட்டியலே பல பொருள்களுக்கும் பொதுவிலையாகிவிட்டதால், இருவர் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்யும்போதும் பண்டசாலை விலையே அளவுகோலாயிற்று. உரிய பங்குக்கு மேல் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது அவர் பெயரில் வரவாக நின்றது. வேண்டியபோது அந்த வரவுக்கு ஈடாக வேறு பொருளை அவர் பெற்றுக்கொள்ள முடிந்தது. வைப்பு, வரவு, பற்று ஆகிய மூன்றும் நடந்த ஓர் இடத்தை வங்கி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? மார்மன் பொருளாதாரத்தின் வரலாற்றை 1958இல் விரிவாக எழுதிய லெனார்ட் அரிங்டன், சபையின் நிதியைப் பற்றிய செய்தியாக மட்டும் பண்டசாலையைப் பார்க்காமல் ஒரு பிரதேசப் பொருளாதாரத்தின் மையமாகவே அதை வைத்தது இக்காரணத்தால்தான்.

கொடுக்கப் பொருள் இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தார். பத்து நாளில் ஒரு நாள் சபையின் பொதுப்பணிக்கு வருவது, வண்டியும் காளையும் உள்ளவர் அவற்றோடு வருவது என்பதாக உழைப்புத் தசமபாகம் அமைந்தது. 1853இல் தொடங்கி 1893இல் அர்ப்பணிக்கப்பட்ட சால்ட் லேக் ஆலயத்தின் கருங்கற்கள் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கிலிருந்து நெடுங்காலம் மாட்டு வண்டிகளில் வந்தன. அந்த வேலையில் முழுநேரமாக ஈடுபட்ட கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் பண்டசாலைச் சீட்டே பெருமளவுக்குக் கூலியாயிற்று. சீட்டில் குறித்த தொகைக்கு மாவும் இறைச்சியும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பண்டசாலையில் அன்றைக்கு இருப்பதைத்தான் வாங்க முடியும் என்பதால், பொருளாகப் பெறும் கூலியின் மதிப்பு ஏட்டில் எழுதியபடியே கையில் கிடைத்துவிடாது என்பதை அத்தொழிலாளிகளின் குடும்பங்கள் நன்றாகவே அறிந்திருந்தன.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது இரயில். 1869 மே 10ஆம் நாள் புரோமான்டரி உச்சியில் கிழக்கு, மேற்கு இருப்புப் பாதைகள் இணைந்தபின் யூட்டாவுக்குள் வெளியூர்ச் சரக்கும் சுரங்கத் தொழிலும் அவற்றோடு பணமும் புகுந்தன. 1873இல் யங்கைத் தலைவராகக் கொண்டு சையன் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. மார்மன்களிடையே வழங்கிய பலதார மணத்தை ஒடுக்க அமெரிக்க அரசு 1887இல் இயற்றிய எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் சபையின் சட்டபூர்வ அமைப்பைக் கலைத்துச் சொத்துகளையும் பறிமுதலுக்கு உள்ளாக்கியபோது, அரசின் கைக்குப் போகும் என்ற அச்சத்தில் பலர் தசமபாகம் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டனர். நூற்றாண்டின் முடிவில் சபை பெருங்கடனில் நின்றது. அப்போது தலைவராயிருந்த லொரென்சோ ஸ்னோ 1899 மே மாதத்தில் வறட்சியால் வாடிய தென் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் நகருக்குச் சென்று முழுத் தசமபாகத்தை வலியுறுத்தி உரையாற்றினார். அங்கு அவர் மழையை வாக்களித்தார் என்ற கதை 1963இல் வெளிவந்த ஒரு சபைத் திரைப்படத்தால் பெரிதும் பரவியதே ஒழிய, அவருடைய வலியுறுத்தலின் நோக்கம் கடனடைப்பே என்பது தெளிவு. வரவு உயர்ந்தது, 1907இல் அடுத்த தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் கடன் முழுதும் தீர்ந்ததை அறிவித்தார். அதையடுத்து 1908 அளவில் பொருளாகவும் சீட்டாகவும் வாங்கும் வழக்கம் முடிவுக்கு வந்து பணமே முறையாயிற்று. தலைமைப் பண்டசாலை இருந்த மனையில் 1911இல் யூட்டா ஹோட்டல் திறக்கப்பட்டது.

கெட்டுப்போன முட்டை, நாறிய வெண்ணெய், தீனி தின்று தீர்க்கும் கால்நடை ஆகியவற்றால் வந்த நட்டம் இம்மாற்றத்தால் ஒழிந்தது உண்மை. அதே வேளையில், ஊரில் விளைந்த பங்கு ஊரிலேயே ஓரளவு தங்கிய நிலையும் போயிற்று என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பணமாக வந்த பங்கு தலைமையகத்துக்குச் சென்று அங்கிருந்தே பகிரப்பட்டது. கொடுக்கும் முறையும் அந்தரங்கமாயிற்று. இச்சபையின் ஞாயிறு ஆராதனையில் காணிக்கைத் தட்டு சுற்றிவருவதில்லை. உறுப்பினர் ஒரு சிறு படிவத்தில் தசமபாகம் இவ்வளவு, உபவாசக் காணிக்கை இவ்வளவு என்று எழுதிப் பணத்தோடு உறையிலிட்டு ஆயரிடமோ அவருடைய ஆலோசகரிடமோ கொடுப்பார்; இருவர் சேர்ந்து எண்ணி, எழுத்தர் பதிந்து, வங்கியில் செலுத்துவார்கள். உபவாசக் காணிக்கை என்பது மாதத்தில் ஒரு ஞாயிறு இருவேளை உண்ணாமல் அந்த உணவின் மதிப்பை ஏழைகளுக்காகக் கொடுப்பது. அதை வாங்கிவர உதவிக்காரர் என்ற பட்டம் பெற்ற பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் வீடு வீடாகப் போவது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. ஆதாயம் என்பது வருமானத்தைக் குறிக்கும் என்றும், அதற்குமேல் விளக்கம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்றும் தலைமை 1970இல் கடிதம் எழுதியது. பிடித்தம் போக வந்த தொகையிலா, முழுச் சம்பளத்திலா என்ற கேள்வி உறுப்பினரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டது.

2010களின் நடுவில் அமெரிக்காவில் இணையவழிச் செலுத்தும் முறை வந்தபோது படிவம் திரைக்கு மாறியது, பகுப்புகள் மாறவில்லை. உறுப்பினர் தம் வங்கிக் கணக்கை இணைத்து அதே தலைப்புகளின் கீழ்த் தொகையை இடுகிறார். பணம் ஆயரின் கையைத் தொடாமலே போனாலும் பதிவு அவருடைய கணக்குக்கு வந்துவிடுகிறது. எண்ணுவோர் இருவருக்கும் வேலை குறைந்தது. வாசல்தோறும் போன சிறுவர்களின் தேவையும் குறைந்தது. இவற்றுள் இரண்டாவதே பெரிய இழப்பு என்று கருத இடமுண்டு, ஏனெனில் அந்த நடை காணிக்கை வாங்குவதோடு எந்த வீட்டில் என்ன குறை என்பதை அறியும் வழியாகவும் இருந்தது. மறுபுறம், பொருளாகக் கொடுப்பது முற்றிலும் மறைந்துவிடவில்லை: நிறுவனப் பங்குகளைத் தசமபாகமாக ஒப்படைக்க விரும்புவோருக்கென்று தலைமையகத்தில் தனி ஏற்பாடு உள்ளது. ஆனால் பண்டசாலையில் குவிந்த தானியத்தை ஊரார் கண்ணால் கண்டார்கள். பணமாக வரும் பங்குக்கு அந்த வெளிப்படைத்தன்மை இல்லை: 1959க்குப் பின் சபை தன் செலவுக் கணக்கை விரிவாக வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. 2023 பிப்ரவரியில் முதலீட்டு விவரங்களை முறைப்படி வெளிப்படுத்தாததற்காக அதன் முதலீட்டு நிறுவனமும் சபையும் சேர்ந்து 50 இலட்சம் டாலர் அபராதம் செலுத்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தோடு உடன்பட்டன.

ஆண்டின் இறுதியில் ஒவ்வொரு குடும்பமும் ஆயரைச் சந்திக்கும் வழக்கம் மட்டும் பண்டசாலைக் காலத்திலிருந்து தொடர்கிறது. அன்று அது பேரேட்டை நேர்செய்து, குறைந்ததைக் கோதுமையாகவோ வேலைநாளாகவோ ஈடுகட்டும் நாள். இன்று கணக்கு ஏற்கெனவே நேராக இருப்பதால், செலுத்தியது முழுத் தசமபாகமா இல்லையா என்பதை உறுப்பினர் வாய்மொழியாக அறிவிப்பதே அச்சந்திப்பின் நோக்கம். ஆலயத்துக்குள் செல்வதற்கான அனுமதிச் சீட்டு பெற அந்த முழுமை ஒரு நிபந்தனை. இருந்தும் ஆயர் சம்பளச் சான்று எதையும் கேட்பதில்லை, சொன்ன பதிலையே ஏட்டில் குறித்துக்கொள்கிறார்.