பி/இ குறைந்தால் பங்கு மலிவா? மாகுல் ஆலைகளின் கணக்கு கற்பிக்கும் பாடம்

மும்பை: ஹார்பர் ரயில் வழித்தடத்தில் செம்பூருக்கும் மான்குர்டுக்கும் இடையே அமைந்துள்ளது கோவண்டி நிலையம். இதற்குத் தெற்கே மாகுல் பகுதியில், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் (எச்பிசிஎல்), பாரத் பெட்ரோலியம் (பிபிசிஎல்) ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்களின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. 1950-களில் வெளிநாட்டு நிறுவனங்களால் தொடங்கப்பட்டு, 1970-களில் நாட்டுடைமையாக்கப்பட்ட இந்த ஆலைகள், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் செம்பூர், கோவண்டி வட்டாரத்துக்குப் பழகிய அடையாளங்கள்.

இரு நிறுவனங்களின் பங்குகளும் பங்குச் சந்தையில் வர்த்தகமாகின்றன. நாட்டில் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2022 ஆகஸ்டில் 10 கோடியைக் கடந்தது. 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டியது. கைப்பேசிச் செயலியில் பங்கு வாங்கும் புதிய முதலீட்டாளர்களின் கண்ணில், விலைக்கு அடுத்தபடியாகப் படும் எண் ‘பி/இ’ எனப்படும் விலை-வருவாய் விகிதம். இந்த எண் குறைவாக இருந்தால் பங்கு மலிவு, கூடுதலாக இருந்தால் விலை அதிகம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் எங்கே தவறாகப் போகிறது என்பதை மாகுல் ஆலைகளை நடத்தும் நிறுவனங்களின் கணக்கே தெளிவாகக் காட்டுகிறது.

பி/இ என்றால் என்ன?

ஒரு பங்கின் சந்தை விலையை, அந்தப் பங்குக்கு உரிய ஓராண்டு நிகர லாபத்தால் வகுத்தால் கிடைப்பது விலை-வருவாய் விகிதம். இங்கு ‘வருவாய்’ என்பது விற்பனைத் தொகை அன்று. செலவு, வட்டி, வரி அனைத்தும் போக எஞ்சும் லாபம். நிறுவனத்தின் மொத்த நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்கான லாபம் கிடைக்கும். இது ‘இபிஎஸ்’ என்று அழைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, பங்கின் விலை 200 ரூபாய், ஒரு பங்குக்கான லாபம் 10 ரூபாய் எனில், பி/இ 20. அதாவது, நிறுவனம் ஈட்டும் ஒவ்வொரு ரூபாய் லாபத்துக்கும் முதலீட்டாளர் 20 ரூபாய் கொடுக்கிறார். இதையே திருப்பிப் போட்டால், 100 ரூபாய் முதலீட்டுக்கு எதிராக நிறுவனம் ஆண்டுக்கு 5 ரூபாய் ஈட்டுகிறது. வங்கி வைப்பு வட்டியுடன் ஒப்பிட இந்தத் தலைகீழ்க் கணக்கு உதவும். ஆனால் வட்டி உறுதி செய்யப்பட்டது. நிறுவனத்தின் லாபம் அவ்வாறானதன்று.

மூன்று ஆண்டுகள், மூன்று விதமான லாபம்

2022-23 நிதியாண்டில் எச்பிசிஎல் தனித்த கணக்கின்படி 8,974 கோடி ரூபாய் நிகர நஷ்டம் அடைந்தது. உக்ரைன் போரைத் தொடர்ந்து கச்சா எண்ணெய் விலை உயர்ந்தபோதும், பெட்ரோல், டீசல் சில்லறை விற்பனை விலையை நிறுவனங்கள் உயர்த்தாமல் வைத்திருந்ததே இதற்கு முதன்மைக் காரணம். நஷ்டம் அடைந்த ஆண்டுக்கு பி/இ கணக்கிட்டால் பொருளற்ற எதிர்மறை எண்ணே கிடைக்கும். எனவே, பெரும்பாலான பட்டியல்களில் அந்த இடம் காலியாகவே விடப்படும்.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. கச்சா எண்ணெய் விலை தணிந்தது. சில்லறை விலையோ 2024 மார்ச் வரை குறைக்கப்படவில்லை. 2023-24-இல் எச்பிசிஎல் 14,694 கோடி ரூபாய் லாபம் ஈட்டியது. அப்போது இருந்த சுமார் 141.9 கோடி பங்குகளால் வகுத்தால், ஒரு பங்குக்கான லாபம் ஏறத்தாழ 103.6 ரூபாய். 2024 மார்ச் இறுதியில் பங்கின் விலை 475 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகவே, பி/இ வெறும் 4.6.

ஒரு ரூபாய் லாபத்தை 4 ரூபாய் 60 காசுக்கு வாங்கலாம் என்றால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது மிக மலிவான பேரமாகத் தோன்றும். ஆனால் 2024-25-இல் சமையல் எரிவாயு விற்பனையில் ஏற்பட்ட இழப்பாலும், சுத்திகரிப்பில் கிடைக்கும் லாபம் சுருங்கியதாலும், நிகர லாபம் 7,365 கோடி ரூபாயாகக் குறைந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் சுமார் 360 ரூபாய் என்ற விலையில் கணக்கிட்டால் பி/இ 10.4.

பிபிசிஎல் நிறுவனத்தின் தனித்த லாபமும் இதே போக்கில் அமைந்தது: 2022-23-இல் 1,870 கோடி, 2023-24-இல் 26,673 கோடி, 2024-25-இல் 13,275 கோடி ரூபாய்.

இலவசப் பங்கும் கணக்குப் பிழையும்

475 ரூபாயாக இருந்த எச்பிசிஎல் பங்கு 360 ரூபாயாகச் சரிந்தது என்று இந்த எண்களிலிருந்து முடிவு செய்வதும் தவறு. 2024 ஜூனில் இரண்டு பங்குகளுக்கு ஒரு பங்கு வீதம் நிறுவனம் போனஸ் வழங்கியது. பங்குகளின் எண்ணிக்கை சுமார் 212.8 கோடியாக உயர்ந்தது. இதன்படி பழைய 475 ரூபாய், புதிய கணக்கில் சுமார் 317 ரூபாய்க்குச் சமம். அதாவது பங்கின் விலை உண்மையில் ஏறத்தாழ 14 சதவீதம் உயர்ந்தது. ஒரு பங்குக்கான லாபம் பாதியானது. பி/இ இரு மடங்குக்கு மேல் ஆனதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம்.

போனஸுக்குப் பிந்தைய விலையை, போனஸுக்கு முந்தைய லாபத்தால் வகுப்பவருக்கு, உண்மையைவிடக் குறைந்த பி/இ கிடைக்கும். விலையும் லாபமும் ஒரே பங்கு எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டுள்ளனவா என்பதைச் சரிபார்ப்பது அவசியம்.

சராசரி காட்டும் உண்மை

இத்தகைய ஏற்ற இறக்கத்துக்குத் தீர்வாக, பல ஆண்டுகளின் சராசரி லாபத்தைக் கொண்டு கணக்கிடும் முறை உள்ளது. முதலீட்டு ஆய்வின் முன்னோடியான பெஞ்சமின் கிரஹாம், எச்சரிக்கையுள்ள முதலீட்டாளர் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தைப்போல் 15 மடங்குக்கு மேல் விலை கொடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தினார். பொருளாதார நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லர், பணவீக்கத்தைச் சரிசெய்த பத்து ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்தும் முறையைப் பரவலாக்கினார்.

எச்பிசிஎல் 2021-22-இல் ஈட்டிய தனித்த லாபம் 6,383 கோடி ரூபாய். இதையும் அடுத்த இரு ஆண்டுக் கணக்கையும் சேர்த்தால் மூன்று ஆண்டுச் சராசரி லாபம் சுமார் 4,034 கோடி. ஒரு பங்குக்கு ஏறத்தாழ 28.4 ரூபாய். 475 ரூபாய் விலையில் பி/இ 16.7. ஒரே நிறுவனம், ஒரே விலை. ஓராண்டு லாபத்தில் பார்த்தால் 4.6, மூன்று ஆண்டுச் சராசரியில் பார்த்தால் 16.7. உச்ச லாபம் நீடிக்காது என்பதைச் சந்தை முன்பே கணக்கில் எடுத்திருந்ததையே 4.6 என்ற எண் உணர்த்தியது.

எண்ணெய், உருக்கு, சிமெண்ட், சர்க்கரை போன்ற சுழற்சித் துறைகளில் இது அடிக்கடி நிகழ்வது. லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி/இ குறைந்தும், லாபம் தேய்ந்திருக்கும்போது பி/இ பெருகியும் காணப்படும்.

உயர்ந்த பி/இ எப்போது ஆபத்து?

உயர்ந்த விகிதத்தையும் தனியே எடுத்துத் தீர்ப்பு கூற இயலாது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிந்துஸ்தான் யூனிலீவர் பங்கு, நிலையான லாபத்தின் காரணமாகப் பல ஆண்டுகள் 50-க்கும் மேற்பட்ட பி/இ விகிதத்தில் வர்த்தகமானது. சோப்பு விற்கும் நிறுவனத்தின் விகிதத்தை எண்ணெய் நிறுவனத்தின் விகிதத்துடன் ஒப்பிடுவதில் பயனில்லை. அதே துறையைச் சேர்ந்த நிறுவனங்களுடனும், அதே நிறுவனத்தின் கடந்தகால விகிதத்துடனும் ஒப்பிட வேண்டும்.

ஆனால், லாப வளர்ச்சியின் துணையின்றி விலை மட்டும் ஏறினால் அது எச்சரிக்கை மணி. ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400 புள்ளிகளைக் கடந்தபோது, அந்தக் குறியீட்டின் பி/இ 50-ஐத் தாண்டியிருந்தது. வங்கிப் பத்திர ஊழல் வெளியானதும் சந்தை கடுமையாகச் சரிந்தது.

எந்த லாபம் என்று கேட்க வேண்டும்

துணை நிறுவனங்களின் லாபத்தைச் சேர்த்தது ஒருங்கிணைந்த கணக்கு. சேர்க்காதது தனித்த கணக்கு. தேசியப் பங்குச் சந்தை, நிஃப்டி குறியீட்டின் பி/இ கணக்கீட்டை 2021 மார்ச் இறுதியில் தனித்த கணக்கிலிருந்து ஒருங்கிணைந்த கணக்குக்கு மாற்றியது. 40-ஐ ஒட்டியிருந்த விகிதம் ஒரே நாளில் 33 அளவுக்கு இறங்கியது. பங்குகள் மலிவாகிவிடவில்லை, வகுக்கும் எண் மட்டுமே மாறியது.

ஆகவே, செயலியில் பி/இ எண்ணைக் காணும் முதலீட்டாளர் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இது எந்த ஆண்டின் லாபம்? தனித்த கணக்கா, ஒருங்கிணைந்த கணக்கா? சொத்து விற்பனை போன்ற ஒருமுறை வரவு இதில் சேர்ந்துள்ளதா? இந்த லாபம் அடுத்த ஆண்டும் தொடருமா? முதல் மூன்றுக்கும் நிறுவனத்தின் நிதிநிலை அறிக்கையில் விடை உண்டு. நான்காவதற்கு எந்த அறிக்கையும் உறுதி அளிப்பதில்லை. பங்கு வாங்குபவர் ஏற்கும் உண்மையான இடர் அதுவே.

(இக்கட்டுரை தகவலுக்காக மட்டுமே, எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைப்பதன்று. முதலீட்டு முடிவுகளுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகவும்.)