யெஸ்டிக்கு ஒரு சி.டி.ஐ.

மைசூர் என்றால் நம்மவர்களுக்கு அரண்மனை, பட்டு, மைசூர்பா. மாற்றலாகி இங்கே வந்த பிறகுதான் எனக்கு நான்காவதாக ஒன்று உறைத்தது: ஜாவா! நம் அப்பா, சித்தப்பா காலத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு ஓடிய அந்த மோட்டார் சைக்கிள் இந்த ஊர் யாதவகிரியில் தயாரானது.

ஃபரூக் இரானி 1960-ல் ஐடியல் ஜாவா கம்பெனியைத் தொடங்கினார். 1961-ல் தொழிற்சாலையைத் திறந்து வைத்தவர் அன்றைய மைசூர் மாநில ஆளுநர் ஜயசாமராஜேந்திர உடையார். டிசைன் செக்கோஸ்லோவாக்கியாவுடையது. 1973-ல் வண்டியின் பெயர் யெஸ்டி என்று மாறியது. ஈரானின் யாஸ்த் நகரத்தின் நினைவாக.

வண்டி 250 சி.சி., டூ ஸ்ட்ரோக். கிக்கரும் கியரும் ஒரே லீவர். கிக் அடித்துவிட்டு அதையே மடக்கினால் கியர்! கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம் என்பது இன்னொரு அதிசயம். எஞ்சின் சீக்கிரத்தில் சாகாது. ஆனால் கரண்ட் விஷயத்தில் மட்டும் ஏழை. பழைய 250-களில் 6 வோல்ட் டைனமோ, சி.பி. பாயிண்ட். ராத்திரியில் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியும். பாயிண்ட் தேயத் தேய டைமிங் நகரும், எஞ்சின் சூடாகும். பேட்டரி இறங்கிவிட்டால் எத்தனை கிக் அடித்தாலும் பொறி வராது, தள்ள வேண்டியதுதான்.

இதற்கு வைத்தியம்தான் சி.டி.ஐ. கிட். டைனமோவைக் கழற்றிவிட்டு, காந்தம் வைத்த ஜெனரேட்டரையும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டியையும் பொருத்துவார்கள். தேய்வதற்குப் பாயிண்டே இல்லை. 12 வோல்ட் வந்துவிடும். பேட்டரி செத்தாலும் ஸ்டார்ட் ஆகும். ஜாவா பிறந்த செக் நாட்டிலேயே வாபே என்ற கம்பெனி இப்படிப்பட்ட கிட் செய்கிறது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ட்ரெய்லர் இழுப்பதற்காக, வேறு எதையும் மாற்றாத ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயிலுக்குத் தனி கூலர் வைக்கிறார்களே, அதே புத்திதான். கம்பெனி கொடுத்ததைக் கெடுக்காமல், பலவீனமான இடத்துக்கு மட்டும் முட்டுக் கொடுப்பது.

என் வங்கிக்காரப் புத்திக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100-ல் சி.டி.ஐ. கம்பெனியிலேயே இருந்தது. அதே வருடம் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடியது. மைசூர்க்காரர்களோ இருபது வருடத்துக்கும் மேலாக அதே அடிப்படை எஞ்சினை நம்பிக்கொண்டிருந்தார்கள். புகைக் கட்டுப்பாடு வேறு இறுகியது. 1996-ல் கேட் மூடியது. அதற்குச் சி.டி.ஐ. மட்டுமா காரணம் என்று சண்டைக்கு வராதீர்கள், இல்லவே இல்லை. ஆனால் கம்பெனி செய்யத் தயங்கிய மாற்றத்தை வாடிக்கையாளரும் மெக்கானிக்கும் சேர்ந்து செய்துகொண்டார்கள் என்பது என் கட்சி. 2018-ல் ஜாவா, 2022-ல் யெஸ்டி என்று பெயர்கள் திரும்பி வந்தன. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக்காக, மத்தியப் பிரதேசத்துப் பிதம்பூரிலிருந்து.

ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டாம் ஞாயிறு ஜாவா–யெஸ்டி தினம். அன்று பழைய வண்டிக்காரர்கள் கூடுமிடத்தில் இந்த வழக்கு கட்டாயம் ஓடும். “ஒரிஜினலைத் தொடாதே” என்று ஒரு கூட்டம், “ஓடாத ஒரிஜினல் எதற்கு” என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். ஒரே ஒரு நிபந்தனை: ஃப்ரேமை வெட்டக்கூடாது, புதிதாய்த் துளை போடக்கூடாது. கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாமல் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். நாளைக்குப் பையனோ பெண்ணோ பழையபடி மாட்ட ஆசைப்பட்டால், அரை நாள் வேலைதான்.