முன்னோர் மண்ணும் மொழிக் கல்வியும்



"உங்களுக்கு எந்த ஊர்?" என்று நம் தோட்டத்து முதியவர்களைக் கேட்டால், குளுவாங் என்றோ சிகாமட் என்றோ லாபிஸ் என்றோ முதலில் சொல்ல மாட்டார்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு என்று பாட்டன் பிறந்த சீமையைத்தான் சொல்வார்கள். அந்த ஊரை அவர்களுள் பலர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்கிருந்து வந்த பேச்சு நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. முன்னோர் மண்ணுக்குத் திரும்பிச் சென்று மொழியைக் கற்றவர்களின் வரலாற்றையும், அதனால் ஜொகூர்த் தோட்டங்களில் வாழும் நமக்குக் கிடைத்த பயனையும் இன்று காண்போம்.

நம் முன்னோரைக் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்து, கப்பலேற்றிக் கொண்டு வந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இது நடந்தது. வந்தவர்கள் துணிமூட்டையோடு தாலாட்டையும் ஒப்பாரியையும் பழமொழியையும் மாரியம்மன் வழிபாட்டையும் கொண்டு வந்தார்கள். ஆனால் சங்கப் பாடல்களும் இலக்கணமும் அவர்களோடு வரவில்லை. ஊரிலேயே அவை அவர்களுக்கு எட்டாமல் இருந்தவை. படிப்பு வாய்க்காதவர்களே கூலி வேலைக்குக் கடல் கடந்தார்கள்.

தோட்டத்தில் பிள்ளைகள் பெருகியபோது பள்ளிகள் தோன்றின. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ தொழிலாளியோதான் ஆசிரியர். பள்ளிக்கூடம் ஒரு கொட்டகை. அங்கே கிடைத்த கல்வி சிறிது. ஆனால் அது தமிழில் கிடைத்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இதன் அருமை, வேறொரு நாட்டின் கதையைக் கேட்டால் நமக்கு விளங்கும்.

ஐரோப்பாவின் மேற்குக் கடலோரத்தில் அயர்லாந்து என்னும் தீவு இருக்கிறது. நம்மைப் போலவே அந்நாட்டு மக்களும் ஆங்கிலேயர் ஆட்சியில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு ஐரிஷ் என்னும் பழைய மொழி உண்டு. 1831ஆம் ஆண்டு முதல் அரசு நடத்திய பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, ஐரிஷ் சொல் ஒன்று பேசும் போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வெட்டி, அந்தக் கணக்குப்படி அடிக்கும் வழக்கமும் இருந்தது. பிள்ளை பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர். 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டார்கள்; அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய ஏழைகளே இவர்களுள் மிகுதி.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன் மொழி தெரியாமற் போயிற்று. 1893ஆம் ஆண்டில் அம்மொழியைக் காக்க ஒரு கழகம் தோன்றியது. பின்னர், அம்மொழி இன்னும் பேசப்படும் மேற்குக் கடலோரக் கிராமங்களில் கோடைக் கல்லூரிகள் எழுந்தன. டோனகால் பகுதியில் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு நிலையத்துக்கு இன்று பல நாடுகளிலிருந்தும் பெரியவர்கள் வந்து பாடம் கேட்கிறார்கள். தலை நரைத்த பிறகு, "தண்ணீர்", "வீடு", "அம்மா" என்ற சொற்களைப் பாட்டன் மொழியில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். ஐரிஷ் அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி என்று 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கூறுகிறது. ஆயினும் அதை அன்றாடம் பேசுவோர் சிறு தொகையினரே. வீட்டில் அறுந்த மொழியைச் சட்டத்தால் முழுமையாக ஒட்டவைக்க முடியவில்லை.

நம் நிலை வேறு. கொட்டகைப் பள்ளியானாலும், தமிழ் பேசியதற்காக நம் பிள்ளைகள் அங்கே அடிபடவில்லை. ஆகவே தமிழகம் சென்று கற்க விரும்பிய நம்மவர் "அம்மா" என்ற சொல்லைத் தேடிப் போகவில்லை. வீட்டுத் தமிழோடு சென்று, ஏட்டுத் தமிழைக் கற்கச் சென்றார்கள்.

அங்கே கற்பிக்க யார் இருந்தார்கள்? மதுரையில் 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவினார். தஞ்சையை அடுத்த கரந்தையில் 1911ஆம் ஆண்டில் ஒரு சங்கம் எழுந்தது. சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார், பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் குலத்தில் வந்தவர். கடல் கடந்து ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி இவ்வாறு தமிழ்க் கல்வியாயிற்று. போக்குவரத்துக்குக் கப்பல் இருந்தது. 'ரஜூலா' என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதன் பின் 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டில் தீப்பிடிக்கும் வரை ஓடியது.

தமிழகம் சென்று தமிழ் கற்றவர்களுள் ஒருவரை நாம் சிறப்பாக அறிந்திருக்க வேண்டும். அவர் தனிநாயகம் அடிகளார். 1913ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்தவர். இளமையில் ஆங்கிலவழிக் கல்வி. பின்னர் கொழும்பிலும் உரோமாபுரியிலும் சமயக் கல்வி. இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் சிலவும் அறிந்தவர். குருவாகித் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்ற வந்தபோதுதான், தம் சொந்த மொழியின் இலக்கியத்தைத் தாம் முறையாகக் கற்கவில்லை என்ற குறை அவரை வாட்டியது. அங்கே ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். அதுவும் போதாமல், 1945ஆம் ஆண்டில், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தம்மினும் இளையவர்களோடு அமர்ந்து நான்கு ஆண்டுகள் சங்க இலக்கியம் பயின்றார். பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்பது அவருடைய ஆராய்ச்சிப் பொருள். 1952ஆம் ஆண்டில் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கி, தமிழின் பெருமையை உலக அறிஞர்க்குக் காட்டினார்.

அவர் கற்ற கல்வி நம்மிடம் எப்படி வந்தது? அதற்கு வழி திறந்ததில் இந்நாட்டுத் தமிழ் மக்களின் பங்கு பெரிது. சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்தது. பின்னர் அங்கே இந்தியக் கல்வித் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, சமஸ்கிருதத்துக்கே முதன்மை போய்விடுமோ என்ற கவலை தமிழரிடையே பரவியது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டப்பட்டது. துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவது அதன் நோக்கம். கடைக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் பால்மரம் வெட்டியவரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாத மக்கள் பல்கலைக்கழகத்துக்கு நூல் வாங்கித் தந்தார்கள். 1956ஆம் ஆண்டில் துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது.

1961ஆம் ஆண்டில் அத்துறையின் தலைமையை ஏற்கத் தனிநாயகம் அடிகளார் வந்தார். அந்தோ தெ புரோயன்சா பாதிரியார் தொகுத்து 1679ஆம் ஆண்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து, 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாக வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடங்கி வைத்தார். பல நாட்டு அறிஞர்கள் தமிழை ஆராய முதன்முதலில் இவ்வாறு மாநாடாகக் கூடியது சென்னையிலோ மதுரையிலோ அன்று; நம் நாட்டில்!

இரண்டாம் மாநாடு 1968ஆம் ஆண்டில் சென்னையில் நடந்தது. அதன் பயனாகச் சென்னையில் 1970ஆம் ஆண்டில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் எழுந்தது. 1981ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் இன்று முன்னோர் மண்ணில் உயர்கல்வி பெற நாடும் இடங்களுள் இவை முக்கியமானவை. கோலாலம்பூரில் தொடங்கிய ஒரு முயற்சி தமிழகத்திலும் கல்விக்கூடமாக வளர்ந்ததை நாம் இதிலே காண்கிறோம். தாய்நாடு கொடுத்தது, நாம் பெற்றோம் என்பதோடு வரலாறு நின்றுவிடவில்லை. நாமும் கொடுத்திருக்கிறோம்.

பெற்றோர்களே! இன்று தமிழை உயர்கல்வியாகக் கற்கக் கப்பலேற வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்கலாம். விருப்பமும் வசதியும் உடையவர் தமிழகமும் செல்லலாம். ஆனால் எங்கே சென்றாலும், இடைநிலைப்பள்ளியில் தமிழைக் கைவிட்ட பிள்ளைக்கு அடித்தளம் இராது.

ஜொகூரில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வருகின்றன. ஸ்கூடாய்ப் பக்கத்து ரினி தோட்டம் இன்று குடியிருப்பு நகரம். தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. இப்படித் தோட்டம் கலைந்து நகரத்துக்குப் பெயரும் குடும்பங்களில்தான் பேச்சு மாறும் ஆபத்து மிகுதி. லயத்தில் அண்டை வீட்டார் தமிழ் பேசினார்கள். அடுக்குமாடி வீட்டில் அந்தத் துணை கிடைப்பதில்லை.

ஆகவே இரண்டு காரியங்களை நாம் மறவாது செய்ய வேண்டும். ஒன்று, வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் பேசுவது. மற்றொன்று, இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புக் கேட்பது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், வசதிக்கு ஏற்பத் தமிழ் வகுப்பு நடத்த இடமுண்டு. பதினைந்து பேர் சேர்வது கடினமன்று. கோயில் திருவிழாவுக்குக் கூடுகிற நாம் இதற்கும் கூடலாம். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பெற்றோர் ஒன்றாகச் சென்று தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்குமாறு பிள்ளைகளுக்கும் ஊக்கமளிக்க வேண்டும்.

பாட்டன் ஊரைப் பார்க்க நம் பிள்ளைகள் ஒரு நாள் போகட்டும். அங்கே வீட்டுப் பெயர்ப் பலகையையும் கோயிற் சுவரில் எழுதியதையும் தாமே படித்து, உறவினரோடு தாமே பேசும் பிள்ளைகளாகப் போகட்டும்.